வேண்டிக்கொண்டதைச் செலுத்த முடியாமல் நின்றால்: உபதேசியாரிடம் கேட்டவை

ராயபுரத்தைச் சுற்றியுள்ள மக்கள் வேண்டுதல்கள் பற்றிக் கேட்டவற்றுக்கு, நீண்ட காலமாக மறைக்கல்வி நடத்திவரும் உபதேசியார் ஒருவர் பதில் சொல்கிறார்.

காசிமேட்டுப் பெண்மணி: நடுக்கடலில் போட் இன்ஜின் நின்றபோது, கரை சேர்ந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, டாக்டர் நடக்க விடவில்லை. பஸ்ஸில் போய் வந்தால் போதுமா ஐயா?

அவரைப் பங்குத்தந்தையிடம் கூட்டிப்போங்கள் அம்மா. ஒருவர் தனியாக நேர்ந்துகொண்டதை, தகுந்த காரணம் இருந்தால், தளர்த்த அவருக்கு அதிகாரம் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1196-ஆம் எண் இது. அடுத்த எண்ணையும் சொல்லிவிடுகிறேன்: நேர்ந்ததைவிட மேலானதாகவோ அதற்கு ஈடானதாகவோ இருந்தால் நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். குறைப்பதற்குத்தான் ஃபாதரிடம் போக வேண்டும்.

சத்தமில்லாமல் பஸ் ஏறிப் போய்வந்தால் அவர் மனசு உறுத்திக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச்சேர, காவி உடுத்தி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்களே, அவர்கள் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தார் ரோட்டுச் சூட்டில் குதிகாலில் கொப்புளம் உடைந்து, செருப்பு வார் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்காரர் வழியில் உட்கார்ந்து அந்தக் கால்களைக் கழுவி மருந்து போட்டு, கஞ்சி ஊற்றட்டும். இதைக் குறைந்த நேர்ச்சை என்று என்னால் சொல்ல முடியாது. ஃபாதரிடம் இதையே கேட்டுப்பாருங்கள்.

தண்டையார்பேட்டை இளைஞர்: நான் பிழைத்தால் என்னைச் சாமியாராக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டார். இப்போது அம்மா இல்லை. எனக்கு அதில் விருப்பமும் இல்லை.

அந்த நேர்ச்சை உன்னைக் கட்டுப்படுத்தாது தம்பி. நேர்ந்தவரை மட்டும்தான் அது கட்டும். அன்னா தன் பிள்ளை சாமுவேலை ஆண்டவருக்கென்று நேர்ந்து ஆலயத்தில் விட்டாள், சரி. ஆனாலும் ஆண்டவர் அந்தப் பையனையே ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அழைப்பு உனக்கு வரவில்லை என்றால் குற்ற உணர்வோடு குருமடத்துக்குப் போகாதே. அம்மாவுக்காக ஒரு பூசை வை.

வியாசர்பாடி தகப்பன்: குழந்தை ஐசியூவில் இருந்தபோது இனி குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மறுபடி குடித்துவிட்டேன். இப்போது குழந்தைக்குக் காய்ச்சல். என்னால்தானா?

இல்லை தம்பி, இல்லவே இல்லை. தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கந்துவட்டிக்காரர் இல்லை நம் கடவுள். அப்பன் குடித்ததற்குப் பிள்ளை உடம்பில் வசூல் செய்கிறவரை நான் எந்த வேதத்திலும் படித்ததில்லை. காய்ச்சலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் வைராக்கியமாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கை நடுக்கம், வலிப்பு வரை போகும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். மருந்தின் துணையோடு நிறுத்தினாலும் அது நேர்ச்சையைச் செலுத்துவதுதான்.

திருவொற்றியூர் சகோதரி: நாங்கள் இந்துக்கள். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டி, வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டேன். அம்மன் கைவிட்டுவிடுவாளா?

முறைகளை உங்கள் கோயில் பெரியவர்களிடம் கேளுங்கள் அம்மா. உங்கள் ஊர்க் கதையே ஒன்று உண்டு. அங்கே மகிழமரத்தடியில்தான், உன்னைப் பிரிய மாட்டேன் என்று தன் மனைவி சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. சிவன் விட்டுவிட்டாரா? வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தார், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். தட்டுத் தடுமாறி நடந்த வழியெல்லாம் பாடிக்கொண்டேதான் போனார். அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டுமா என்பதையும் கோயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி: பாஸானால் பத்தாயிரம் காணிக்கை என்று வேண்டினேன். பாஸாகிவிட்டேன், கையில் பணம் இல்லை.

நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பதே நல்லது என்கிறது பைபிளில் உள்ள சபை உரையாளர் ஆகமம். அதற்காகக் கடன் வாங்கிப் போடாதே அம்மா, அப்பா பையிலிருந்தும் எடுக்காதே. வேலை கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. இந்த ஞாயிறு கையில் பத்து ரூபாய் இருந்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.