சட்டம் கேளுங்கள்: தெருவில் எடுத்த படத்தை அழிக்கச் சொல்லலாமா?

கேள்வி: மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய பூக்கடைகளில், விடியற்காலையில் மாலை தொடுப்பவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்த காவலர் ஒருவர், அனுமதி இல்லாமல் எடுத்தது குற்றம் என்று கூறி, எல்லாப் படங்களையும் தம் கண் முன்பாகவே அழிக்கச் செய்தார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: இல்லை. பொதுத் தெருவில் நின்றுகொண்டு, கண்ணில் படுவதைப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. படம் ஒரு குற்றத்தோடு தொடர்புடையது என்று காவலர் சந்தேகித்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி கேமராவைக் கைப்பற்றி, அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கலாம். அழிக்கச் சொல்வது இதில் எங்கும் வராது. படம் குற்றத்தைக் காட்டுவதானால் அது சாட்சியம், சாட்சியத்தை அழிக்கச் சொல்லும் காவலரை என்னவென்பது?

மும்பையில் வேறொரு கவனம் தேவை. கொலாபா பக்கத்துக் கடற்படைப் பகுதிகள் போன்றவை, 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டத்தின்கீழ் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ ஆகக்கூடும். அங்கே வாதாடிப் பார்க்க வேண்டாம். காவல் நிலையம் அந்த வரையறைக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் கூறியிருப்பது, காவலர்கள் பலருக்கே தெரியாத செய்தி.

இனி, பூக்கார அம்மாவின் பக்கம். பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் தம் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவைத் தாழ்த்துவதே முறை. உடலின் அந்தரங்கப் பகுதியை இசைவின்றிப் படம் எடுப்பதோ, எந்த இடமானாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

நீங்களாகவே எடுத்த படத்தின் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுடையது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தை ஊதுபத்தி விளம்பரத்துக்கு விற்பதாக இருந்தால், பதிப்புரிமை மட்டும் போதாது; அவரிடம் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற வேண்டும்; நியாயமாகப் பார்த்தால், விற்ற பணத்தில் ஒரு பங்கும் அவருக்குச் சேர வேண்டும்.

காவலரின் செயல் குறித்து அவருடைய மேலதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். அதுவரை அந்த மெமரி கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் தனியே வைத்திருங்கள். அழிந்தவற்றை மென்பொருள் கொண்டு மீட்க வாய்ப்புண்டு.