73939133: ஏன் இத்தனை மூன்றும் ஒன்பதும்?

வணக்கம் சார்,

73939133 என்ற எண்ணை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவது பகா எண்ணாகவே இருக்கிறது: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. இந்த வகையில் இதுதான் மிகப் பெரியதாம். எனக்கு உறுத்துவது வேறு. ஏன் இதில் இத்தனை மூன்றும் ஒன்பதும்? சூட்சுமம் ஏதும் உண்டா, தற்செயலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியான இடத்தில் கண் வைத்திருக்கிறீர்கள். நான் இந்த எண்ணை முதலில் பார்த்தபோது 'அட' என்றதோடு சரி.

சூட்சுமம் உண்டு, அதுவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: இலக்கங்களின் கூடுதல் மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். முதல் இலக்கம் 2, 3, 5, 7 இவற்றில் ஒன்று. அப்புறம் சேர்ப்பதற்கு 1, 3, 7, 9 மட்டும்தான், ஏனென்றால் இரட்டைப்படையிலோ 0, 5-லோ முடிந்தால் பகா எண் ஆகாது. இதில் 3, 9 சாதுக்கள், மூன்றால் வகுத்தால் வரும் மீதியை மாற்றாது. 1-ம் 7-ம் மீதியை ஒன்று கூட்டிவிடும். 7-ல் தொடங்கினால் மீதி 1, எனவே ஒரே ஒரு தடவை 1 அல்லது 7 சேர்க்கலாம், இன்னொரு தடவை சேர்த்தால் எண் மூன்றால் வகுபட்டுவிடும். உங்கள் எண்ணில் அந்த ஒரே வாய்ப்பு ஆறாவது இடத்து 1-ல் செலவாகிவிட்டது, மற்றதெல்லாம் 3, 9.

2-லோ 5-லோ தொடங்கினால் அந்த ஒரு வாய்ப்பும் கிடையாது. எட்டு இலக்கத்தில் இப்படி மொத்தம் ஐந்து எண்கள்: 23399339, 29399999, 37337999, 59393339, 73939133. 3-ல் தொடங்குவதில் மட்டும் இரண்டு 7 இருப்பதைப் பாருங்கள், அங்கே மீதி 0-விலிருந்து ஆரம்பிக்கிறது.

அப்படியானால் ஒன்பதாவது இலக்கம் ஏன் இல்லை? 73939133-இன் கூடுதல் 38, மீதி 2, ஆகவே 1, 7 இரண்டும் போச்சு. மிஞ்சிய 739391333, 739391339 இரண்டுமே பகு எண்கள். இதற்கு மட்டும் அழகான காரணம் எதுவும் இல்லை. எழுபது கோடியைத் தாண்டினால் பகா எண்கள் சுமார் இருபதுக்கு ஒன்றுதான், கிளைகள் பட்டுப்போகின்றன. இலக்கவாரியாக எண்ணினால் 4, 9, 14, 16, 15, 12, 8, 5, மொத்தம் 83, அவ்வளவுதான்.

இடப்பக்கத்திலிருந்து அழித்தால் கதை நீளும். அங்கே சேர்க்க 1 முதல் 9 வரை எதுவும் சரி, கடைசி இலக்கம்தான் ஏற்கெனவே நிலைத்துவிட்டதே. அதனால் 357686312646216567629137 என்று 24 இலக்கம் வரை போகிறது.

ஒரு விஷயம், இது எண்ணின் குணம் என்பதைவிட நாம் பத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதன் குணம். மூன்றை அடிப்படையாக வைத்து எழுதினால் 2, 21, 212, 2122 (நம் கணக்கில் 2, 7, 23, 71) என்று நாலே எண்களில் ஆட்டம் முடிந்துவிடுகிறது.