'பிளெதரா': நிறையவா, மிதமிஞ்சியா?

கிளிநொச்சியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், மிகுதியைக் குறிக்கும் 'பிளெதரா' (plethora) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதிலளிக்கிறார்.

பரந்தன், உயர்தர மாணவி: ரீச்சர், இதற்கு 'நிறைய' என்றுதான் என் அகராதி சொல்கிறது. 'பிளென்டி' (plenty) வரும் இடமெல்லாம் இதைப் போடலாமா?

போடாதீர்கள், பிள்ளை. காலபோகத்துக்கு வேண்டியளவு விதைநெல் வீட்டில் இருந்தால் அது பிளென்டி. கடையில் வரிசை வரிசையாகக் களைநாசினிகள் இருக்க, எதை வாங்குவதென்று தெரியாமல் விவசாயி திகைத்து நின்றால் அது பிளெதரா. 'இத்தனை எதற்கு?' என்ற எண்ணமும் இந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். இன்று வெறும் 'ஏராளம்' என்ற பொருளிலும் பலர் எழுதுகிறார்கள், அகராதிகளும் ஏற்கின்றன. விடைத்தாளில் அதைப் பிழையென்று வெட்டமாட்டேன். ஆனால் உங்கள் பாடசாலையில் 'பிளெதரா' ஆசிரியர்கள் என்று புகழ்ந்து எழுதினால், தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்று குறை சொல்வதாகவும் வாசிக்க இடமுண்டு. புகழும்போது பிளென்டியே நல்லது.

முல்லைத்தீவு, தாதி: நோயாளியின் குறிப்பில் 'முகத்தில் பிளெதரா' என்று வைத்தியர் எழுதியிருந்தார். அங்கே இந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

அருமையான கேள்வி. இது முதலில் மருத்துவச் சொல்தான். 'நிறைவு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல், இலத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உடலில் இரத்தம் அளவுக்கு மிஞ்சினால் நோய் வரும் என்று அக்கால வைத்தியர்கள் நம்பி, நாளத்தைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உடலில் மிகுவதால் வரும் குஷிங் நோயில் முகம் சிவந்திருப்பதையும், செங்குருதிக் கலங்கள் மிகுந்த பச்சிளங்குழந்தையின் செந்நிறத்தையும் இன்றும் அப்படித்தான் குறிப்பார்கள். 'மிதமிஞ்சிய' என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்பது பரந்தன் பிள்ளைக்கும் இதில் விளங்கும்.

மாங்குளம், வாசகர்: 'பிளெத்தோரா' என்று நடுவில் நீட்டலாமா?

வேண்டாம். அழுத்தம் முதல் அசையில்.

புதுக்குடியிருப்பு, மாணவன்: 'அ பிளெதரா ஒஃப் புக்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?

'ஆர்' எழுதுங்கள், தம்பி. புத்தகங்கள் பலவாக இருப்பதால் வினை அவற்றைப் பின்பற்றும். அதைவிட நான் அடிக்கடி திருத்துவது முன்னால் விடுபடும் 'அ'வைத்தான். 'பிளென்டி ஒஃப்' என்பதற்கு அது தேவையில்லை. பிளெதராவுக்குக் கட்டாயம் வேண்டும்.