மீட்டரிலிருந்து பில் வரை: ஜேசிபி வாடகைக்காரர்களுக்குக் கேள்வி பதில்

3 ஜேசிபி, 1 ஹிட்டாச்சி வாடகைக்கு விடுகிறேன். எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர எந்த ஆப் வாங்கலாம்?

ஆப்பை அப்புறம் பார்க்கலாம் அண்ணா. முதலில் வண்டி தினமும் எத்தனை மணி ஓடியது என்று எழுதும் உங்கள் லாக் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். மாசக் கடைசியில்தான் ஆபீசுக்கு வரும். பாதி நாளுக்கு சைட் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்காது. வண்டியை வாடகைக்கு எடுத்த பார்ட்டி பில்லில் மணியைக் குறைத்தால் உங்களிடம் பதில் இல்லை. பணம் போவது இந்த இடத்தில்தான், முதலில் அடைக்க வேண்டியதும் இதைத்தான்.

ஒரு கூகுள் ஃபார்ம் போதும். வண்டி எண், சைட், இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டரில் காலை அளவு, மாலை அளவு, டீசல் லிட்டர், வேலை பக்கெட்டிலா (மண் அள்ள) பிரேக்கரிலா (பாறை உடைக்க). கூடவே மீட்டர் போட்டோவும் கையெழுத்துப் போட்ட ஸ்லிப் போட்டோவும். அன்றைக்கு ராத்திரியே "இன்று 7.4 மணி" என்று பார்ட்டிக்கு மெசேஜ் போய்விட வேண்டும். அன்றன்றைக்கே பார்த்த கணக்கை மாசக் கடைசியில் மறுப்பது கஷ்டம்.

இரண்டு விஷயத்தில் கவனம். நேற்றைய மாலை மீட்டரும் இன்றைய காலை மீட்டரும் ஒத்துப்போகாவிட்டால் ஷீட்டில் அந்த வரி சிவப்பாகட்டும். ராத்திரியில் வண்டி வேறெங்காவது ஓடியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது, 7.4 என்றால் 7 மணி 24 நிமிடம். அதை 7 மணி 40 நிமிடமாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கணக்கு எழுத டேலி சாஃப்ட்வேர் மட்டும் போதுமா?

கணக்குக்குப் போதும். சைட் மணி அதற்குள் சரியாக வந்து சேர்வதுதான் உங்கள் வேலை. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் 2023 ஆகஸ்ட் 1 முதல் மற்ற கம்பெனிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம்.

பொக்லைன் ஓனர்களுக்கு நல்ல ஆப் எது சார்?

முதல் பதிலைப் படியுங்கள். லாக் ஷீட் சரியாகாமல் எதையும் வாங்காதீர்கள்.

வண்டி எங்கே, எத்தனை மணி ஓடியது என்று பார்க்க ஜேசிபிக்கு லைவ்லிங்க், இன்னொரு கம்பெனி வண்டிக்கு வேறு ஆப். ஒரே இடத்தில் பார்க்க முடியாதா?

முடியும். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் மணி, டீசல், இருப்பிடம் எல்லாம் ஒரே வடிவில் வருவதற்கென்றே ஐஎஸ்ஓ 15143-3 என்ற தரநிலை இருக்கிறது. அந்த வடிவில் டேட்டா தருவார்களா என்று டீலரிடம் கேளுங்கள். நாலைந்து வண்டி என்றால் வாரம் ஒருமுறை ஷீட்டில் ஏற்றினாலே போதும்.

நான் கான்ட்ராக்டர். இன்ஜின் ஓடிய நேரத்துக்கெல்லாம் பில் போடுகிறார்கள். டிப்பர் வராமல் வண்டி நின்றதற்கு நான் ஏன் கொடுக்கணும்?

(முதலில் கேட்டவர்) டிப்பர் அனுப்புவது உங்க பொறுப்புதானே? என் டீசல்தானே எரியுது?

இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா நின்றாலும் டீசல் குறைகிறது, மீட்டர் ஓடுகிறது, அடுத்த சர்வீஸ் சீக்கிரம் வருகிறது. ஓனருக்கு அது நஷ்டம்தான். அதற்காக ஆப்பரேட்டர் சாப்பாட்டு நேரத்தில் ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டால் அதைப் பார்ட்டி தலையில் கட்டுவது நியாயமில்லை. வண்டியிலிருந்து தானாக வரும் டெலிமேட்டிக்ஸ் ரிப்போர்ட் பெரும்பாலானவற்றில் வேலை நேரமும், சும்மா இன்ஜின் ஓடிய ஐடிலிங் நேரமும் தனித்தனியாக வரும். இத்தனை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் ஆஃப் பண்ண வேண்டும், பார்ட்டியால் வரும் காத்திருப்புக்கு இன்ன ரேட் என்று வேலை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

(கான்ட்ராக்டர்) அந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டுவதே இல்லையே?

பில்லோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பார்ட்டிக்குக் காட்டாத ரிப்போர்ட்டை வைத்துப் போடும் பில் நிற்காது.

டிரெய்லரில் வண்டியை சைட்டுக்கு அனுப்ப இ-வே பில் வேணுமா? விற்பனை இல்லையே.

விற்பனை இல்லாவிட்டாலும் வேண்டும். இ-வே பில் என்பது சரக்கைக் கொண்டுபோக அரசு தளத்தில் எடுக்கும் சீட்டு. விற்பனைப் பில்லுக்குப் பதில் டெலிவரி சலான் போட்டு எடுங்கள். அளவு மீறிய சரக்கு என்று போட்டால் அது செல்லும் காலம் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. மற்றதற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி சொந்தச் சக்கரத்திலேயே போவது பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஸ்பேர்ஸ் கடை. ஸ்டாக் எப்போதும் தப்பாக வருகிறது.

"பெரிய ஆயில் ஃபில்டர்" என்று ஏற்றாதீர்கள். பார்ட் நம்பரை வைத்து ஏற்றுங்கள்.

பேமெண்ட் தானாக வசூலாக வழி உண்டா?

ரிமைண்டர் தானாகப் போகும், பணம் தானாக வராது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். நீங்கள் குறு, சிறு நிறுவனம் என்றால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பார்ட்டி தர வேண்டும். தாண்டினால், பணம் கொடுக்கிற ஆண்டில்தான் அந்தச் செலவை அவர் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். ரிமைண்டரோடு கையெழுத்து ஸ்லிப்புகளையும் இணைத்து அனுப்புங்கள்.

எந்த ஆப்…

முதல் பதில்.

எங்க ஆப்பரேட்டருக்கு ஃபார்ம் எல்லாம் போடத் தெரியாது அண்ணா.

மீட்டரையும் ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். டீசலும் பக்கெட்டா பிரேக்கரா என்பதும் வாய்ஸில் சொல்லட்டும். ஆபீசில் ஒருவர் ஃபார்மில் ஏற்றட்டும். போட்டோ வந்த அன்றைக்கே பேட்டாவை அனுப்பிவிடுங்கள். மறுநாளும் போட்டோ வரும்.