எடை கூடட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது 4.6 கிலோதான். பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது, இரண்டு முறை நிமோனியாவும் வந்துவிட்டது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே 8 மி.மீ. ஓட்டை, நுரையீரலில் அழுத்தம் அதிகம் என்று எக்கோவில் சொன்னார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். "இந்த உடம்பு தாங்காது, ஒரு வயசாகட்டும், ஓட்டை தானா மூடிக்கும்" என்கிறார் மாமியார். கால் வழியாகக் குழாய் விட்டு மூட முடியாதா?

பதில்: காத்திருக்காதீர்கள். எடை ஏறாமல் இருப்பதற்கே அந்த ஓட்டைதான் காரணம். இடது கீழறையிலிருந்து உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஓட்டை வழியே வலது பக்கம் பாய்ந்து, மறுபடி நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் ஈரம் கோத்துக் கிடப்பதால்தான் அடிக்கடி நிமோனியா. குடிக்கிற பாலின் சத்தெல்லாம் மூச்சு விடுவதற்கும் இதயம் துடிப்பதற்குமே செலவாகிவிடுகிறது. பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கிறதா, நாலு வாய் குடித்ததும் களைத்து நிறுத்துகிறானா என்று கவனியுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2, 3 மி.மீ. ஓட்டைகள், அதிலும் தசைப்பகுதியில் இருப்பவை, பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் இந்த எடையில் 8 மி.மீ. என்பது மகாதமனியின் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வாய்க்கு ஏறக்குறையச் சமம். அது மூடும் என்று நம்பியிருக்க முடியாது.

ஒரு வயதுவாக்கில் சில குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு குறையும், எடை ஏறும், ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்புச் சத்தமும் தேயும். ஓட்டை மூடிவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். பல சமயம் நடப்பது நேர் எதிர். அதிக அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரல் ரத்தக்குழாய்களின் சுவர் தடித்து, உள்ளே வழி சுருங்கிவிடும். அதனால்தான் அங்கே போகும் ரத்தம் குறைகிறது. இது முற்றினால் ரத்தம் திசை மாறிப் பாயும், உதடு நீலம் பாரிக்கும். அதன் பிறகு ஓட்டையை மூடினால் உயிருக்கே ஆபத்து. பெரிய ஓட்டைகளை 6 மாதத்தை ஒட்டியே மூடச் சொல்வது இதனால்தான்.

கால் வழியாக மூட, பொதுவாக 8 முதல் 10 கிலோவாவது வேண்டும். 4.6 கிலோ குழந்தையின் ரத்தக்குழாய்க்கு அந்தக் குழாய் தடிமன். மூடும் கருவியும் பக்கத்திலுள்ள வால்வை இடிக்கலாம்.

ஆபரேஷனில் நெஞ்செலும்பை நடுவே பிரித்து, இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். வலது மேலறையைத் திறந்து, அதற்கும் வலது கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வை ஒதுக்கினால் ஓட்டை தெரியும். கீழறைத் தசையை வெட்ட வேண்டியதில்லை. டாக்ரான் என்ற செயற்கை இழைத் துணியையோ, குழந்தையின் இதய உறையிலிருந்தே எடுத்த துண்டையோ ஒட்டாக வைத்துத் தைப்பார்கள். இதயத் துடிப்புக்கான மின்னோட்டப் பாதை ஓட்டையின் பின்-கீழ் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அதனால் அங்கே மட்டும் தையலை விளிம்பிலிருந்து தள்ளி, மேலோட்டமாகப் போடுவார்கள். அப்படியும் நூற்றில் ஓரிருவருக்கு அந்தப் பாதை அடிபட்டுத் துடிப்பு குறையலாம். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பிகளோடு ஒரு வாரம், பத்து நாள் பார்ப்பார்கள். சரியாகாவிட்டால்தான் நிரந்தர பேஸ்மேக்கர். ஒட்டின் ஓரத்தில் 2 மி.மீ.க்குக் குறைவான கசிவு இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு தராது. அனுபவமுள்ள மையங்களில் உயிராபத்து நூற்றில் ஓரிருவருக்கோ, அதற்கும் குறைவாகவோதான்.

அதுவரை ஃப்ரூஸ்மைடு (சிறுநீர் வழியே அதிகப்படி நீரை வெளியேற்றும் மருந்து) போன்ற மருந்துகளை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். பாலில் தண்ணீர் கலக்கவே கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; அந்த நிலையில் இயந்திரத்தில் இணைத்தால் நுரையீரல் தேறுவது கடினம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனுக்கு அதைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் 6 வாரம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, நெஞ்செலும்பு விலகும். தலைக்கடியில் ஒரு கை, புட்டத்துக்கடியில் ஒரு கை வைத்து அள்ளி எடுங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் 9-ஆம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம், தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, காரணமில்லாத சிணுங்கல் என்று ஏதாவது வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். அன்றைக்கே எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.