அம்மாவின் மூன்று கொப்பிகள்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் ஒரு கிளினிக் கொப்பி, இருதயத்துக்கு வேறு ஊரில் இன்னொன்று, கண்ணுக்கு மூன்றாவது. 2009இல் வலது தோளில் ஏறிய செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த நோவுக்குத் தனியார் வைத்தியர் ஒருவர் டைக்ளோபெனாக் எழுதிக் கொடுத்தார். இரண்டு கிழமையாகக் கால் வீங்குகிறது. "வேறெங்கும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், ஏச்சு விழும் என்ற பயத்தில் அம்மா "இல்லை" என்கிறார். குளிசைகளின் பெயர்களை, உறையிலும் பெட்டியிலும் உள்ளபடியே எழுதி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது?
– ஒரு மகள், ஒட்டுசுட்டான்

பதில்: மகளே, கால் வீக்கத்தை அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காதீர்கள். நாளைக்கே கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ இன்றே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

டைக்ளோபெனாக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். பிரஷருக்கான லொசாட்டனும், நீர் போவதற்கான புரூசமைட்டும் எடுப்பவருக்கு அது சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். உங்கள் பட்டியலில் மூன்றும் இருக்கின்றன. வைத்தியரைக் காணும்வரை நோவுக் குளிசையைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இன்னொன்றும் கண்டேன். கிளினிக் உறையில் லொசாட்டன் என்றிருக்கிறது. பாமசியில் வாங்கிய பெட்டியில் வேறு பெயர், ஆனால் அடியில் சிறிய எழுத்தில் அதே லொசாட்டன். அம்மா ஒரே மருந்தை இரண்டு தடவை எடுக்கிறாரோ தெரியாது. உறையையும் பெட்டியையும் வைத்தியரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அம்மாவை ஏசாதீர்கள். நான் தாதியாக வேலை செய்த காலத்தில், செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு தாய் கையில் ஒரு மருந்துத் துண்டும் இல்லாமல் வந்து நின்றார். "வெள்ளைக் குளிசை, நடுவில் ஒரு கோடு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை குளிசைக்கு நடுவில் கோடு இருக்கிறது! அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவிடம் கொப்பிகள் இருக்கின்றன; அவை ஒன்றையொன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோய்கள், ஒவ்வாத மருந்து, கடைசியாகச் செய்த கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவும் திகதியும். "வலது தோளில் உலோகத் துண்டு" என்பதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள், என்றாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கக்கூடும், எடுப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் குளிசையின் பெயர், அளவு, வேளை, எழுதியவர் யார் என்பது. மாறினால் ஒரு கோடு போட்டு வெட்டுங்கள், கிழிக்காதீர்கள். பழைய துண்டுகளை எல்லாம் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

மாதாமாதம் அம்மாவைப் பார்க்கும் சலரோக கிளினிக் வைத்தியரிடமே அந்தக் கொப்பியை முதலில் கொடுங்கள். "ஐயா, மற்ற இடங்களில் தந்ததும் இதில் இருக்கிறது, ஒருக்கால் முழுவதையும் சேர்த்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். தோள் நோவுக்கு வேறு வழியையும் அவரிடமே கேளுங்கள். நோவைத் தாங்கிக்கொள் என்று அம்மாவிடம் யாரும் சொல்லக்கூடாது.