கல்யாணத்துக்கும் மெட்டலுக்கும் ஒரே ஆம்ப் ஆகுமா?

கேள்வி: அண்ணே, சனிக்கிழமையில் கல்யாண மண்டபத்தில் கிட்டாரில் சினிமாப் பாட்டு வாசிக்கிறேன், ஞாயிறு நண்பர்களோடு மெட்டல் ராக். தாமானில் தெரஸ் வீடு, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ஈப்போவில் ஒரு கடையில் பழைய பீவி 6505 ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), 120 வாட், 2,800 வெள்ளிக்குத் தருகிறார்கள். எல்லா வகைப் பாட்டுக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மெட்டலுக்கு ஆகும் தம்பி, அதில் பேச்சே இல்லை. 1992-இல் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி கொண்டுவந்த 5150தான் இது. அவர் விலகிய பிறகு பெயர் மாறியது, சர்க்யூட் மாறவில்லை. லீட் சானலில், அதாவது கரகரப்புச் சத்தத்துக்கான பக்கத்தில், உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு தடித்த கம்பியை அடித்துப் பாருங்கள். சத்தம் இழுபடாமல் வெட்டி நிற்கும். கெயின் என்ற கரகரப்பைக் கூட்டும் குமிழ் பத்துக்கு நாலு, ஐந்து போதும். அதற்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான்.

‘எல்லா வகைக்கும்’ என்றாரே, அங்கேதான் இடிக்கிறது. சுத்தமான சத்தத்துக்கான ரிதம் சானலில் கெயினைக் கொஞ்சம் ஏற்றினாலே கரகரப்பு வந்துவிடும். சுத்தமான சத்தம் வேண்டுமென்றால் கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது வாசிப்பவர்களின் பழைய புலம்பல். இன்னொன்று, பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள் இரண்டு சானலுக்கும் பொது. மெட்டலுக்காக மிட்டைக் குறைத்தால் மெலடிப் பாட்டில் கிட்டார் காணாமல் போகும். 6505 பிளஸ்ஸில் சானலுக்குச் சானல் குமிழ்கள் தனி. வான் ஹேலனின் சொந்த பிராண்டான இவிஎச்சின் 5150 த்ரீ 100 வாட்டில் மூன்று சானலுக்கும் தனித்தனி. அதன் 50 வாட்டில் முதல் இரண்டுக்கும் பொது. கடையில் பெயரை மட்டும் கேட்காமல் குமிழ்களை எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் வீடு. வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபெல்தான் குறையும். 120 வாட் டியூப் (கண்ணாடி வால்வு) ஆம்பில் மாஸ்டர் குமிழை ஒன்றுக்கு நகர்த்தும்போதே பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்துவிடுவார். நானாக இருந்தால் இதை வாங்க மாட்டேன். பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 ஆம்பில் டியூப் இல்லை, அரை வாட் வரை இறக்கலாம். அதன் குமிழில் கரகரப்புக்கு ‘பிரவுன்’, கல்யாணத்துக்கு ‘கிளீன்’. மண்டபத்தில் எப்படியும் மைக் வைப்பார்கள்.

இல்லை, அந்தப் பீவிதான் வேண்டுமென்றால் உங்கள் கிட்டாரோடு போய் அரை மணி நேரமாவது வாசியுங்கள். சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தெரியும். ஸ்பீக்கரைச் சொருகாமல் ஆன் செய்ய விடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்பக்கத்தில் வோல்டேஜையும் பாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட், ஜப்பான் சரக்கு 100. நான் ஒருமுறை பண்டல் கடையில் ஜப்பான் ஆம்ப் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வந்து நம் 240-இல் நேராகச் சொருகினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாடை. அம்மா அடுப்பை அணைக்க ஓடினார்.

ரசீதில் மாடல், வோல்டேஜ், ‘நல்ல நிலையில் விற்றது’ மூன்றையும் எழுதி வாங்குங்கள். கடை கையை விரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை. ஆனால் அது கடைக்காரருக்கு எதிராகத்தான். ஃபேஸ்புக்கில் யாரோ தன் பழைய ஆம்பை விற்றால் அங்கே போக முடியாது.